பொண்ணுங்க கைக்கு கிரிக்கெட் கீப்பிங் கிளவுஸ்: பெங்களூர் சிவாஜிநகர் கடையும் நாலு மாச அனுபவமும்

முதல்லயே சொல்லிடறேன், இதுல கடை பேரும் இருக்காது கம்பெனி பேரும் இருக்காது. கம்பெனிய பத்தி ரெண்டு மூணு குறை சொல்லப் போறேன், ஒரே ஒரு ஜோடி கிளவுஸ வச்சுக்கிட்டு மொத்த கம்பெனியையும் திட்டறது நியாயம் இல்லன்னு விட்டுட்டேன். கடை பேரு போடாததுக்கு கடைக்கார பாய் தான் காரணம், "ஆன்லைன்ல எழுதட்டுமா பாய்"ன்னு கேட்டதுக்கு "எழுதும்மா, பேரு மட்டும் போடாத, கூட்டம் வந்துடுச்சுன்னா எனக்கு ஒக்காந்து அளவெடுக்க நேரம் இருக்காது"ன்னுட்டார். ரஸ்ஸல் மார்க்கெட் தாண்டி உள்ள போற சந்துல பேட் எல்லாம் வாசல்ல தொங்க விட்டிருப்பாங்க, ரெண்டு பேர கேட்டா மூணாவது ஆள் காட்டிடுவார், அவ்வளவு தான் சொல்ல முடியும்.

கிளவுஸ் எனக்கு இல்ல, அக்கா பொண்ணுக்கு. 13 வயசு, அல்சூர்ல வீடு, கிரிக்கெட் அகாடமிக்கு போயி ஒன்றரை வருஷம் ஆச்சு. முதல்ல பௌலிங் தான் போட்டுட்டிருந்தா, ஒரு நாள் கீப்பர் வரலன்னு கோச் இவள பின்னாடி நிக்க வச்சார், அன்னில இருந்து வேற எங்கயும் நிக்க மாட்டேங்கறா. அகாடமில ஒரு பொது கிட் பேக் இருக்கும், அதுல ஒரு ஜோடி கீப்பிங் கிளவுஸ் கிடக்கும், பசங்க பொண்ணுங்க எல்லாரும் அதையே மாத்தி மாத்தி போடுவாங்க, முந்தின பேட்ச் பையன் வேர்வையோட கழட்டிக் குடுத்தத இவ அப்படியே மாட்டிப்பா. வீட்டுக்கு வந்து கைய கழுவினாலும் அந்த நாத்தம் போகாது, எங்கக்கா சாப்பாட்டு தட்ட அவ கைல குடுக்கவே யோசிப்பா.

இதுல எனக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னா நானும் கீப்பர் தான். பெருசா ஒண்ணும் இல்ல, காலேஜ் டீம், கொஞ்சம் கிளப் மேட்ச். 2004, 2005 சமயம். அப்ப பெங்களூர்ல கீப்பிங் பண்ற பொண்ணுங்க வாய்ல வர்ற ஒரே பேரு கருணா ஜெயின், நம்ம ஊரு பொண்ணு, 2004ல இந்தியாவுக்கு ஆட ஆரம்பிச்சாங்க, முதல் ஒன்டேல லக்னோல வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரா 64 அடிச்சாங்க. அப்பெல்லாம் பெண்கள் கிரிக்கெட் பிசிசிஐ கைக்கே வரல, 2006ல தான் சேர்த்தாங்க. அதனால எங்களுக்குன்னு சாமான் எதுவும் கிடையாது, ஆம்பளைங்க சைஸ் கிளவுஸ் தான், உள்ள ரெண்டு இன்னர் (கிளவுஸுக்குள்ள போடற மெல்லிசு கிளவுஸ்), அதுக்கும் மேல விரல் நுனில பழைய சாக்ஸ வெட்டி அடைச்சுப்பேன். பந்து எங்க படுதுன்னே தெரியாது, உள்ளங்கைல (பாம்) வாங்கறோமா விரல்ல வாங்கறோமான்னு சத்தத்த வச்சு தான் கண்டுபிடிக்கணும். வலது கை மோதிர விரல் கணு அப்ப வீங்கினது இன்னும் வத்தல, கல்யாணத்துல மோதிரம் நுழையாம சோப்பு போட்டு நுழைச்சாங்க, வீடியோல அது பூரா இருக்கு, மாமியார் இன்னிக்கும் வர்றவங்களுக்கெல்லாம் போட்டு காட்டறாங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். 2025 நவம்பர் 2ம் தேதி பெண்கள் உலகக் கோப்பை ஃபைனல் முடிஞ்சது, மறுநாள் காலைலயே இவ "சித்தி எனக்கு சொந்தமா கிளவுஸ் வேணும்"னு ஆரம்பிச்சுட்டா. நானும் சோம்பேறித்தனமா ஒரு ஆப்ல ஆர்டர் போட்டேன், "விமென்ஸ்"னு எழுதியிருந்தது, ரோஸ் கலர். வந்தத பிரிச்சு பார்த்தா பசங்களோட சின்ன சைஸே தான், கலர மட்டும் மாத்திருக்காங்க. விரல் நீளம் சரியா இருந்தது, அகலம் அநியாயம். இவ கை ஒல்லி, உள்ள ஆடுது. கட்டை விரல் இருக்க வேண்டிய இடத்துல வெறும் காத்து தான் இருந்தது. ரிட்டர்ன் போட்டா ஆள் வர்றேன் வர்றேன்னு 11 நாள் இழுத்தாங்க, காசு திரும்பி வர இன்னொரு வாரம். அதுக்கப்புறம் ஒரு மால்ல பெரிய ஸ்போர்ட்ஸ் கடைக்கு போனோம், அங்க இருந்த பையன் "கீப்பிங் கிளவுஸ் யூத், மென்ஸ் ரெண்டு தான் மேடம்"னு சொல்லிட்டு செல்ஃபோன பார்க்க போயிட்டான், பாவம் அவன் தப்பும் இல்ல, அலமாரில இருக்கறத தான அவன் சொல்ல முடியும்.

பாய் கடைக்கு ஆபீஸ்ல கூட வேலை செய்யற ஒருத்தர் சொல்லி தான் போனேன். கடைன்னா பெருசா நினைச்சுக்காதீங்க, நாலு பேர் நின்னா அஞ்சாவது ஆள் ரோட்டுல நிக்கணும். நாங்க அக்கா தங்கச்சி தமிழ்ல பேசிக்கிட்டத கேட்டுட்டு பாயும் தமிழ்லயே ஆரம்பிச்சார், சொந்த ஊர் வாணியம்பாடியாம், அப்பா தோல் ஷாப்ல வேலை பார்த்தவராம், "நான் பொறந்ததே தோல் வாசனைல தான்ம்மா"ன்னார். கிளவுஸ் வேணும்னு சொன்னதும் எடுத்து காட்டுவார்னு பார்த்தா, பழைய பேப்பர் ஒண்ண கவுண்டர் மேல விரிச்சு "பாப்பா, கைய வை, விரல நல்லா விரி"ன்னு சொல்லி பென்சிலால சுத்தி படம் வரைஞ்சார். ரெண்டு கையும் தனித்தனியா. வரைஞ்சு முடிச்சு ஸ்கேல வச்சு நடு விரல் நீளம், உள்ளங்கை அகலம், கட்டை விரல் எங்க பிரியுதுன்னு மூணு இடத்துல கோடு போட்டார். எனக்கு தெரிஞ்சு டெய்லர் கூட இப்பல்லாம் இவ்வளவு பொறுமையா அளவெடுக்கறதில்ல.

அப்புறம் மேல இருந்து நாலு ஜோடி இறக்கினார். ஒவ்வொண்ணா மாட்டி விட்டு, ஒரு லெதர் பால எடுத்து அவ தலை உயரத்துல இருந்து கிளவுஸுக்குள்ள விடறார், கண்ண மூடிக்கிட்டு கேக்கறார். முதல் ஜோடில "டக்"னு வந்துச்சு. "இது எலும்பு வாங்குது"ன்னு தூக்கி வச்சுட்டார். ரெண்டாவதும் அப்படியே. மூணாவது "தப்"புனு மெத்து மேல விழுந்த மாதிரி ஒரு சத்தம், பாய் கண்ண திறந்து "எப்படி பாப்பா இருக்கு"ன்னார், அவ பதில் சொல்லல, பால எடுத்து மறுபடி மறுபடி அவளே போட்டு பார்க்க ஆரம்பிச்சுட்டா. அதான் எடுத்தோம். அதுலயும் கட்டை விரல் கொஞ்சம் தள்ளி இருந்தது, பாய் உள்ள லைனிங்க பிரிச்சு, விரல புடிச்சு வைக்கற லூப்ப அரை இஞ்சு உள்ள தள்ளி மெழுகு நூல்ல கையாலயே தைச்சு குடுத்தார், முக்கால் மணி நேரம். அதுக்கு தனியா காசு வாங்கல. கிளவுஸ் 2,650, இன்னர் 380.

எதுக்கு மெத்துன்னு இருக்கறது இவ்வளவு முக்கியம்னு எங்கக்கா கேட்டா, தடியா இருந்தா தான கைக்கு பாதுகாப்புன்னு. கடைல நிறைய பேர் அப்படி தான் கேக்கறாங்களாம். ஆம்பளைங்க ஆட்டத்துல வேகப் பந்துக்கு கீப்பர் ஸ்டம்ப விட்டு நல்லா தள்ளி பின்னாடி போயி நிப்பாங்க, அங்க தடி கிளவுஸ் பரவாயில்ல. பெண்கள் ஆட்டத்துல மீடியம் பேஸுக்கே கீப்பர் ஸ்டம்புக்கு பக்கத்துல வந்து நிக்கறது சர்வ சாதாரணம், ஸ்பின் ஓவரும் அதிகம், பந்து கைக்கு வர்ற நேரம் கண் சிமிட்டற நேரம். அங்க கை பந்தோட சேர்ந்து பின்னாடி போகணும், விரல் மடங்கணும், பந்த எடுத்த அதே வீச்சுல ஸ்டம்பு மேல இருக்கற பெயில்ஸ தட்டணும், அப்படி அவுட் பண்றது தான் ஸ்டம்பிங். மரக்கட்டை மாதிரி கிளவுஸ போட்டா எப்படி தட்டறது. பந்தும் வேற, பெண்களுக்கு 140ல இருந்து 151 கிராம் வரைக்கும் தான், ஆம்பளைங்க பந்து 156ல இருந்து 163. லேசான பந்து விறைப்பான ரப்பர்ல பட்டா எகிறிக் குதிச்சு வெளிய போயிடும், இது என் அனுபவம், கையால பட்டது.

பழைய கீப்பருங்க கணக்க பார்த்தாலே புரியும். அஞ்சு ஜெயின், டெல்லிக்காரங்க, 2000 உலகக் கோப்பைல கேப்டன், 65 ஒன்டேல 81 பேர அவுட் பண்ணதுல 51 ஸ்டம்பிங், கேட்ச விட ஸ்டம்பிங் ஜாஸ்தி. நம்ம கர்நாடகாவோட வி.கல்பனா 1993 உலகக் கோப்பைல இங்கிலாந்துல டென்மார்க்குக்கு எதிரா ஒரே இன்னிங்ஸ்ல 6 பேர அவுட் பண்ணாங்க, அதுல 5 ஸ்டம்பிங். இந்த பேர எத்தனை பெங்களூர்க்காரங்களுக்கு தெரியும்னு கேட்டு பாருங்க, எனக்கே காலேஜ் சீனியர் ஒருத்தி சொல்லி தான் தெரியும். அப்புறம் சாரா டெய்லர், இங்கிலாந்து. 2017 உலகக் கோப்பை செமி ஃபைனல்ல தென்னாப்பிரிக்கா திரிஷா செட்டிய லெக் சைடுல ஸ்டம்பிங் பண்ணது, போட்டது ஸ்பின்னர் இல்ல, நாட் சிவர், மீடியம் பேஸ். பேட்ஸ்மேன் உடம்பு மறைக்குது, பந்து கண்ணுக்கே தெரியாது, அத வாங்கி அதே மூச்சுல பெயில எடுத்துட்டா. அந்த வீடியோவ அக்கா பொண்ணு நூறு தடவ பார்த்திருப்பா. டெய்லர் 2019ல மனசு சரியில்லன்னு வெளிப்படையா சொல்லிட்டு ரிட்டையர் ஆனாங்க, 226 இன்டர்நேஷனல் மேட்ச், 232 பேர் அவுட், அப்புறம் 2021ல சசெக்ஸ் ஆம்பளைங்க டீமுக்கே கீப்பிங் கோச்சா போனாங்க. ஆம்பளைங்க கவுன்டி டீமுக்கு ஸ்பெஷலிஸ்ட் கோச்சா போன முதல் பொம்பளை அவங்க தான்.

இப்ப கிளவுஸ். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வாரத்துக்கு நாலு நாள் நெட்ஸ், ஞாயித்துக்கிழமை மேட்ச். முதல் பத்து நாள் பாய் சொன்ன மாதிரி மேட்ச்ல போட விடல, வீட்டு காம்பவுண்ட் சுவத்துல பந்த எறிஞ்சு புடிச்சு பழக்கினோம், கீழ் வீட்டு ஆண்ட்டி ரெண்டு தடவ மேல வந்து சண்டை போட்டாங்க. பத்து நாள்ல நல்லா மடங்க ஆரம்பிச்சுடுச்சு. பாம் ரப்பர் புள்ளி புள்ளியா இருக்கற டைப், பிடிப்பு நல்லா இருக்கு, காலைல புல்லு ஈரமா இருந்தாலும் வழுக்கல. சுண்டு விரல், மோதிர விரல் நுனில உள்ள கேப் மாதிரி கெட்டியா ஒண்ணு வச்சிருக்காங்க, அது அருமை, பந்து நுனில பட்டாலும் விரல் பின்னாடி மடங்காது. எங்க காலத்துல இது இருந்திருந்தா என் மோதிரம் ஒழுங்கா நுழைஞ்சிருக்கும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வலை மாதிரி வர்ற துண்டு ரூல் படி தான் இருக்கு, பாயே ஸ்கேல் வச்சு காட்டினார், கைய விரிச்சா ரெண்டு விரல் நுனிக்கும் நடுவுல நேர் கோடு போட்டு பார்த்தா அத தாண்டி வரக் கூடாது, இழுபடற துணியா இருக்கக் கூடாது, ஒரே துண்டா இருக்கணும். சில சீப் கிளவுஸ்ல அது பை மாதிரி தொங்குது, சின்ன பசங்களுக்கு கேட்ச் ஈசின்னு அம்மா அப்பா வாங்கிடறாங்க, செலக்‌ஷன் மேட்ச்ல அம்பயர் கழட்ட சொல்லிடுவார்.

குறைன்னா, இன்னர் சாயம் போகுது. ஷாமி லெதர் உள்ளங்கைல, மிச்சம் நீலத் துணி, வேர்வைல கை பூரா நீலம், ஸ்கூல்ல மிஸ் "இங்க் கொட்டிட்டியா"ன்னு கேட்டிருக்காங்க. நாலு தடவ பச்சத் தண்ணில அலசினதுக்கப்புறம் தான் நின்னது. மணிக்கட்டு கிட்ட வர்ற கஃப் அகலம், பாய் அங்கயும் ஒரு தையல் போட்டிருக்கலாம், நானும் கேக்கல. பெரிய குறை இது தான், மூணாவது மாசம் வலது கை ஆள்காட்டி விரல் பக்கம் ரப்பர் ஓரம் உரிய ஆரம்பிச்சுடுச்சு. 2,650 ரூபா குடுத்து மூணு மாசம்னா வயித்தெரிச்சல் தான். கம்பெனி பாக்ஸ்ல வாரன்டின்னு ஒண்ணும் கிடையாது. இன்னொண்ணு, பெங்களூர்ல ஒரு நாள் மழை வந்தா மூணு நாள் காய மாட்டேங்குது, ஃபேனுக்கு கீழ திருப்பி நிக்க வைக்கணும், வெயில்ல மட்டும் போட்டுடாதீங்க, ரப்பர் அப்பளம் ஆயிடும்.

ஒரு ஜோடி கிளவுஸுக்கு இவ்வளவா எழுதணும்னு தோணலாம். டீம்ல பௌலர் அஞ்சாறு பேர் இருப்பாங்க, பேட்டர் ஏழு பேர், கீப்பர் ஒண்ணே ஒண்ணு. விரல் போச்சுன்னா இடம் போச்சு. 2025 உலகக் கோப்பைலயே பாருங்களேன், இந்தியா டீம் கீப்பர் யாஸ்திகா பாட்டியா முட்டில அடிபட்டு டோர்னமென்டுக்கு முன்னாடியே வெளிய, அவ இடத்துல அசாம் பொண்ணு உமா சேத்ரி. மெயின் கீப்பர் ரிச்சா கோஷ் நியூசிலாந்து மேட்ச்ல கீப்பிங் பண்ணும்போது விரல்ல அடி வாங்கி பங்களாதேஷ் மேட்ச் ஆடல, அன்னிக்கு உமாவுக்கு முதல் ஒன்டே. ரிச்சா திரும்பி வந்து அதே கையோட ஃபைனல்ல 24 பந்துல 34 அடிச்சா. எனக்கு அந்த 34 பெருசா தெரியல, எதிர் டீம் இன்னிங்ஸ் பூரா பின்னாடி நின்னாளே அது தான் பெருசா தெரியுது, அடிபட்ட விரலோட ஒவ்வொரு பந்தையும் வாங்கறது எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும்.

அந்த உலகக் கோப்பைக்கு சின்னசாமில மேட்ச் இருக்குன்னு சொல்லியிருந்தாங்க, டிக்கெட் வாங்கறதுக்கு அலாரம் எல்லாம் வச்சிருந்தோம். ஜூன்ல ஆர்சிபி ஐபிஎல் ஜெயிச்ச கொண்டாட்டத்துல ஸ்டேடியம் வாசல்ல நடந்த நெரிசல்ல 11 உயிர் போனதுக்கப்புறம் மேட்ச் எல்லாம் வேற ஊருக்கு மாறிடுச்சு. மாறினது சரி தான், அத பத்தி புலம்ப மனசு வரல. டிவில தான் பார்த்தோம். செமி ஃபைனல்ல நம்ம ஜெமிமா 82ல இருக்கும்போது மேல தூக்கின கேட்ச ஆஸ்திரேலியா கீப்பர் அலிசா ஹீலி விட்டாளே, எங்க வீட்ல எல்லாரும் குதிச்சாங்க, இவ மட்டும் கைய பார்த்துட்டு உக்காந்திருந்தா. "சித்தி, ஹீலியே விடறாங்க"ன்னா. 2022 உலகக் கோப்பை ஃபைனல்ல 170 அடிச்சவ, டி20ல தோனியோட கீப்பிங் ரெக்கார்ட 2020லயே தாண்டினவ, அவ கைலயே நிக்காம போகுது. ஜெமிமா 127 நாட் அவுட், மிச்சம் எல்லாருக்கும் தெரியும்.

ஆனா இவ ஆளு ஹீலியும் இல்ல ரிச்சாவும் இல்ல, நம்ம மதுரைப் பொண்ணு கமலினி. 2024 டிசம்பர்ல டபிள்யூபிஎல் (பெண்கள் பிரீமியர் லீக்) ஏலம் இங்க பெங்களூர்ல தான் நடந்தது, 10 லட்சத்துல ஆரம்பிச்சு மும்பை இந்தியன்ஸ் 1.6 கோடிக்கு எடுத்தாங்க, 16 வயசு, இடது கை பேட்டிங், கீப்பிங். அடுத்த பிப்ரவரி அண்டர் 19 உலகக் கோப்பை ஜெயிச்ச டீம்ல இருந்தா, செமி ஃபைனல்ல இங்கிலாந்துக்கு எதிரா 56 நாட் அவுட். அதே மாசம் 21ம் தேதி சின்னசாமில ஆர்சிபி மும்பை மேட்ச், நாங்க போயிருந்தோம், ரெண்டு பேரும் சிவப்பு ஜெர்சி. ஆர்சிபில பெர்ரி 81 அடிச்சா, 167 வந்தது, மும்பை கடைசி ஓவர் வரைக்கும் இழுத்துட்டு போனாங்க, ஒரு பந்து மிச்சம் இருக்கும்போது கமலினி ஃபோர் அடிச்சு முடிச்சுட்டா. சுத்தி ஒரே அமைதி, ஆர்சிபி கூட்டம் பூரா தலைல கை. என் பக்கத்துல சிவப்பு ஜெர்சி போட்டுக்கிட்டு ஒண்ணு மட்டும் எந்திரிச்சு நின்னு விசிலடிக்குது. பின் வரிசைல ஒருத்தர் கன்னடத்துல "நீ யாவ டீமம்மா"ன்னு (எந்த டீம்மான்னு) கேட்டார். "கீப்பர் டீம் அங்கிள்"னா. அன்னிக்கு மும்பைக்கு கீப்பிங் யாஸ்திகா, கமலினி ஃபீல்டிங் தான், அதெல்லாம் இவளுக்கு கணக்கே இல்ல.

கடை குறையையும் சொல்லிடறேன், இல்லன்னா பாய்க்கு சொந்தக்காரின்னு நினைப்பீங்க. வெள்ளிக்கிழமை மதியம் மூடியிருக்கும். கேட்டா தான் பில்லு குடுப்பார். வண்டி நிறுத்த இடமே இல்ல, மெட்ரோவோ பஸ்ஸோ புடிச்சு போயிடுங்க. பேச்சு ஜாஸ்தி, ஒரு மணி நேரம் ஒதுக்கிட்டு போங்க. பொண்ணுங்க அளவுல கீப்பிங் பேட் கேட்டேன், இல்ல, "கேக்கறவங்க வந்தா தானம்மா வாங்கி வைக்க முடியும்"ங்கறார், அதுக்கு நான் "இருந்தா தான பாய் கேக்க வருவாங்க"ன்னேன், சிரிச்சுட்டு டீ சொன்னார். கிளவுஸுக்கு 5க்கு மூணரை, அந்த ரப்பர் உரியாம இருந்திருந்தா நாலரை. கடைக்கு 5க்கு 5ம் போடலாம்னு தான் இருந்தேன், பில் விஷயத்துல அரை குறைச்சுட்டேன்.

போன சனிக்கிழமை உரிஞ்ச கிளவுஸ எடுத்துட்டு போனோம், பாம் ரப்பர் மொத்தமா மாத்தி புதுசு ஒட்டி தைச்சு தர 600 கேட்டார். "இந்த தடவ நான் போடற ரப்பர், உரிஞ்சா என்ன கேளு"ன்னார். கவுண்டருக்கு அடில இருந்து அந்த பழைய பேப்பர எடுத்தார், தேதி எழுதி மடிச்சு வச்சிருக்கார், அதே படத்து மேல இவ கைய மறுபடி வைக்க சொன்னார். நடு விரல் பென்சில் கோட்ட தாண்டி ஒரு நகம் அளவு வெளிய நின்னது. "இந்த ஜோடி தீபாவளி வரைக்கும் வரும், அப்புறம் அடுத்த சைஸ்"னு சொல்லி புது கோடு ஒண்ணு போட்டு மறுபடி உள்ள வச்சுட்டார். வர்ற வியாழக்கிழமை தர்றேன்னிருக்கார், அது வரைக்கும் அகாடமி கிளவுஸ் தான், எங்கக்கா இப்பவே டெட்டால் பாட்டில் வாங்கி வச்சுட்டா.